அலுங்காமல் போனவர்கள்

மனித குலத்துக்கு அமெரிக்கா அளித்த கொடைகளில் தலையாயது எது என்று கேட்டால், சிலர் மின்விளக்கு என்பார்கள்; சிலர் நிலவில் வைத்த கால் என்பார்கள். இரண்டும் தவறு. உட்கார்ந்த நிலையிலேயே முன்னேறுவது எப்படி என்று உலகுக்குக் கற்றுக்கொடுத்ததுதான் அமெரிக்காவின் தலையாய கொடை. அந்தக் கொடையில் பெரும்பங்கு டெட்ராய்ட் நகருடையது. டெட்ராய்ட்டின் பங்கில் கணிசமான பகுதி, நான் வேலை பார்க்கும் வாண்டர்மீர் மோட்டார் நிறுவனத்துடையது. இதைத் தற்பெருமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் நிறுவனத்தின் பிம்பத் துறையில் இருப்பவன். பெருமை அடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

என் பெயர் லியோன் ஜெலின்ஸ்கி. என் அப்பாவும் வாண்டர்மீரில்தான் இருந்தார். அவர் வண்டிகளுக்குக் கதவு மாட்டினார். நான் வண்டிகளுக்கு அடைமொழி மாட்டுகிறேன். அப்பா மாட்டிய கதவுகள் இன்னும் கழன்று விழவில்லை.

எங்கள் பழைய ‘சான்சலர்’ காரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அதன் முன்பகுதி அலுவலகத்துக்கு வந்து சேரும்போது பின்பகுதி இன்னும் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கும் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். அவ்வளவு நீளம். உள்ளே உட்கார்ந்தால் கார் உங்களை வாங்கிக்கொள்ளும். தண்டவாளத்தைத் தாண்டினோமா, தார்ச்சாலையில் போனோமா என்று ஓட்டுபவருக்கே தெரியாது. ‘அலுங்காமல் குலுங்காமல்’ என்ற சொற்றொடருக்கு நான்கு சக்கரம் வைத்தால் அதுதான் சான்சலர்.

அதற்குக் காரணம் எங்கள் தலைவர் கொர்னேலியஸ் வாண்டர்மீர். நிறுவனத்தைத் தொடங்கியவரின் பேரன். புதிய மாடல் ஒவ்வொன்றிலும் அவர் பின்னிருக்கையில் உட்கார்ந்துகொள்வார். மடியில் ஒரு கிண்ணம் நிறையப் பட்டாணி சூப். நகரின் மிக மோசமான சாலை எதுவோ அதில் வண்டி போக வேண்டும். கால்சட்டையில் ஒரு சொட்டு விழுந்தாலும் அவர் பொறியாளர்களைத் திட்டமாட்டார். அந்தக் கால்சட்டையை அவர்களுக்கு அனுப்பிவைப்பார். அதைச் சலவைக்குப் போட்டுவிட்டு அவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள்.

சான்சலரில் ஒரே ஒரு குறைதான். அதை வாங்கியவர்களுக்கு அது பிடித்திருந்தது. பிடித்ததால் பல வருடம் வைத்திருந்தார்கள். வைத்திருந்ததில் அவர்களுக்கு வயதாகிவிட்டது. பல் மருத்துவர்கள், பாதிரியார்கள், ஓய்வுபெற்ற பள்ளி முதல்வர்கள் என்று முதுகு வலிக்காத முதியவர்கள் நாடெங்கும் பெருகினார்கள். ஒரு நிறுவனத்தின் பிம்பத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது.

கொர்னேலியஸ் இயக்குநர் குழுவில் தலைவர் நாற்காலியை மட்டும் வைத்துக்கொண்டு, அன்றாட வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஏரிக்கரை வீட்டுக்குப் போனதும், இந்த ஆபத்திலிருந்து எங்களைக் காப்பாற்ற ட்ரிப் ஹாலோவே என்பவர் கலிஃபோர்னியாவிலிருந்து நிர்வாகியாக வரவழைக்கப்பட்டார். அதற்கு முன் அவர் தயிர் விற்றுக்கொண்டிருந்தார். சாதாரணமாக அல்ல. தயிர் என்றாலே முகம் சுளித்த இளைஞர்களை, தயிர்க் கிண்ணத்தோடு படம் எடுத்துக்கொள்ள வைத்தவர். வந்த அன்றே பிம்பத் துறையைக் கூட்டினார்.

“‘சொகுசு’ன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?” என்று கேட்டார்.

“கொஞ்சம் சாய்ஞ்சுக்கலாம்னு தோணுது” என்றார் ஒருவர். அவர் இப்போது எங்கள் துறையில் இல்லை.

“எனக்கு செருப்பு ஞாபகம் வருது. வீட்டுக்குள்ள போட்டுட்டு நடக்குற பஞ்சுச் செருப்பு. நாம பஞ்சுச் செருப்பா விக்கிறோம்?”

ஆம் என்பது சரியான பதிலா, இல்லை என்பது சரியான பதிலா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே எல்லோரும் தலைகுனிந்து குறிப்பெடுத்தோம்.

அன்றிலிருந்து ‘சொகுசு’ என்ற சொல் நிறுவன வளாகத்தில் தடைசெய்யப்பட்டது. அதன் இடத்தில் ‘சாலையுடன் உரையாடல்’ என்ற கொள்கை அறிவிக்கப்பட்டது.

“ஓட்டுறவனுக்கும் ரோட்டுக்கும் நடுவுல நாம ஏன் குறுக்க நிக்கணும்? ரோடு பேசட்டும். அவன் கேக்கட்டும்” என்றார் ஹாலோவே.

பனி உருகும் காலத்தில் மிஷிகன் மாநிலத்துச் சாலைகள் என்ன பேசும் என்பது இங்கே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியும். சபையில் சொல்லக்கூடிய பேச்சு அல்ல.

“ரோடு கெட்ட வார்த்தை பேசுனா, சார்?” என்று கேட்டேன்.

“அதுதான் உண்மைத்தன்மை.”

‘உண்மைத்தன்மை’ என்று எழுதி அடிக்கோடிட்டுக்கொண்டேன்.

முன்பெல்லாம் எங்கள் நிறுவனத்தில் சஸ்பென்ஷன் என்றால் வண்டிக்கு அடியில் இருப்பது. ஹாலோவே வந்த பிறகு அது ஊழியர்களுக்குக் கொடுக்கப்படுவது என்றாயிற்று. மெத்தென்ற ஸ்பிரிங்குகளை வடிவமைத்த பிரிவு முழுவதும் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. பிரிவு உபசாரத்தில் அவர்களுக்கு ஆளுக்கொரு தயிர்க் கிண்ணம் வழங்கப்பட்டது.

சான்சலர் நிறுத்தப்பட்டு, ‘பெட்ராக்’ பிறந்தது. பூமிக்கடியில் கிடக்கும் அடிப்பாறை என்று அதற்குப் பொருள். உட்கார்ந்து பார்த்தபோது, பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. ஏறுவதற்கு ஒரு படி தேவைப்படும் உயரம். எதிரே வருபவரைக் கடித்துவிடுவேன் என்பது போன்ற முகப்பு. சக்கரங்கள் மாட்டுவண்டிச் சக்கரம் அளவு. அவற்றைச் சுற்றி வளையல் மாட்டியதுபோல் கொஞ்சமே கொஞ்சம் ரப்பர். எங்கள் பகுதியில் மலையே கிடையாது. ஆகவே ‘பெட்ராக்கால் ஏற முடியாத மலை எதுவும் இங்கு இல்லை’ என்று துணிந்து எழுதினேன். ஹாலோவே என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பெட்ராக் அமோகமாக விற்றது. இதை நான் வருத்தத்தோடு சொல்லவில்லை. பிம்பத் துறைக்கு வருத்தம் அனுமதிக்கப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார் என்று இவர் வாங்கினார். இவர் வாங்கினார் என்று எதிர்வீட்டுக்காரர் வாங்கினார். தெரு முழுக்க உயரமான வண்டிகள் நின்றதால், ஒருவர் வண்டியைத் தாண்டி இன்னொருவருக்கு எதுவும் தெரியவில்லை. இறங்கும்போது எல்லோரும் இடுப்பில் கைவைத்து ஒரு கணம் வானத்தைப் பார்த்தார்கள். அந்தத் தோரணையை அப்படியே படம் பிடித்து, ‘எல்லைகளை நோக்கும் பார்வை’ என்று விளம்பரத்தில் போட்டோம்.

எனக்கும் நிறுவனம் ஒரு பெட்ராக் கொடுத்தது. அந்தச் சமயத்தில் என் மனைவி லோரெய்னுக்கு இடுப்பு மூட்டு மாற்றி, அவள் கைத்தடி ஊன்றி நடந்துகொண்டிருந்தாள். மருத்துவரிடம் காட்டிவிட்டு அவளைப் பெருமையோடு என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

“லியோன், ரோட்டுல போறியா, ரோட்டுக்குப் பக்கத்துல போறியா?”

“இது உரையாடல், லோரெய்ன்.”

“யாரோட?”

“ரோட்டோட.”

அடுத்த பள்ளம் வந்தது. அவள் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ரோடு என்கிட்ட என்ன சொல்லுதுன்னு தெரியுமா? உன் புருஷனுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு சொல்லுது. புதுசா வெச்ச எலும்பை எங்க வெச்சாங்களோ அங்கேயே வீட்டுக்குக் கொண்டுபோகணும் நான். நிறுத்து.”

“என்ன பண்ணப் போற?”

“பஸ்ல வரேன்.”

சிவப்பு விளக்கில் இறங்கி, தடியை ஊன்றி, பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டாள். நான் பேருந்துக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன். சன்னல் வழியாக அவள் தலை தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணியிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பழைய நகரப் பேருந்து சின்னச் சின்னப் பள்ளங்களில் இறங்கி ஏறியது. அவள் சிரிப்பு ஒரு இடத்திலும் முறியவில்லை. ஒரு பேருந்தின் மீது எனக்குப் பொறாமை வந்தது அதுவே முதல் தடவை. இதை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. முதுகெலும்பு வைத்தியர் ஹாகோப்பியனிடம் நான் போனபோது, காத்திருக்கும் அறையில் பிம்பத் துறை முழுவதும் உட்கார்ந்திருந்தது. மூலையில், முகத்துக்கு நேரே பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி ஹாலோவே.

“கோல்ஃப் ஆடினப்ப பிடிச்சுக்கிச்சு” என்றார் அவராகவே.

“எனக்கும் கோல்ஃப்தான் சார்” என்றேன். மற்றவர்களும் கோல்ஃப் என்றே தலையாட்டினார்கள். வெளியே பனி முழங்கால் ஆழத்துக்குக் கிடந்தது.

வைத்தியர் கதவைத் திறந்து எங்களை வரிசையாகப் பார்த்தார். “எல்லாரும் ஒரே கிளப்பா?” என்று கேட்டார். அவருடைய வைத்தியசாலையை ஒட்டிப் புதிதாக இன்னொரு பெரிய காத்திருக்கும் அறை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நிலைமை இவ்வாறு சிறப்பாக இருந்தபோது கொர்னேலியஸ் வாண்டர்மீர் காலமானார். உறக்கத்தில், தன் கட்டிலில், ஒரு சிறு அசைவும் இல்லாமல் போய்விட்டார் என்று வீட்டார் சொன்னார்கள். வாழ்ந்தது போலவே போனார் என்று நான் இரங்கல் செய்தியில் எழுதினேன். அது மட்டும் நான் எழுதியவற்றில் திருத்தப்படாமல் வெளிவந்தது.

ஹாலோவே உடனே அவசரக் கூட்டம் கூட்டினார்.

“பத்திரிகைக்காரங்க வருவாங்க, போட்டோ எடுப்பாங்க. நம்ம தலைவரோட கடைசிப் பயணம் எந்த வண்டியில? நிறுத்திட்ட பழைய சான்சலர்லயா? நல்லாவா இருக்கும்? பெட்ராக்ல ஒரு அமரர் ஊர்தி செய்யச் சொல்லுங்க.”

பெட்ராக்கின் பின்னிருக்கைகளைப் பிடுங்கி, கண்ணாடி வைத்து, கறுப்புத் திரை கட்டி, ஒரு வண்டி தயாராயிற்று. அதை எடுத்துக்கொண்டு நானும் ஹாலோவேயும் எஸ்ரா டாலிவரிடம் போனோம்.

டாலிவர் குடும்பம் மூன்று தலைமுறையாக நகரின் கிழக்குப் பகுதியில் இறுதிச் சடங்குகள் நடத்துகிறது. வாங்கிய வண்டிகள் அனைத்தும் வாண்டர்மீர். கொர்னேலியஸின் ஓட்டுநர் இறந்தபோது, ஊர்வலத்தில் டாலிவரின் காரில் பின்தொடர்ந்து போன கொர்னேலியஸ், இறங்கும்போது, “எனக்கும் நீங்கதான்” என்று சொல்லிவிட்டாராம். ஆகவே வேறு யாரையும் கேட்க முடியாது. டாலிவர் உயரமானவர், பேசும்போது குரல் உயராது, சட்டைக் காலர் எந்நேரமும் வெள்ளையாக இருக்கும். புதிய ஊர்தியை ஒரு சுற்று சுற்றி வந்தார். டயரைக் குனிந்து பார்த்தார்.

“தம்பி, இதை நீங்க ஓட்டிப் பாத்தீங்களா?” என்று என்னைக் கேட்டார்.

“நான்தான் சார் விளம்பரம் எழுதினேன்.”

“அப்ப ஓட்டிப் பாத்திருக்கீங்க. சொல்ல மாட்டேங்கிறீங்க.”

ஹாலோவே குறுக்கிட்டார். “டாலிவர், ஒரு விஷயம் யோசிங்க. உங்க வாடிக்கையாளருங்க யாரும் புகார் சொல்லப் போறதில்லை.”

டாலிவர் கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

“சொல்ல மாட்டாங்க. அதனாலதான் பத்திரமா கொண்டுபோறோம். புகார் சொல்றவனை எப்படி வேணும்னாலும் கொண்டுபோகலாம், ஐயா. அவன்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கலாம்.”

ஹாலோவே இதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார். டாலிவரும் மறுக்கவில்லை. நிறுவனம் தரும் வண்டி, நிறுவனத்தின் தலைவர். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஊர்வலத்தின் கடைசியில் தன்னுடைய பழைய சான்சலர் ஊர்தி ஒன்று காலியாக வரும். எதற்கு என்று ஹாலோவே கேட்டார். வழக்கம் என்றார். அப்படி ஒரு வழக்கம் இல்லை என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

தேவாலயத்திலிருந்து ஜெஃபர்சன் அவென்யூ வழியாகக் கல்லறைக்குப் போக வேண்டும். முன்னால் டாலிவர் தானே ஓட்டும் புதிய ஊர்தி. அடுத்து நான் ஓட்டும் பெட்ராக். என் பக்கத்தில் ஹாலோவே. பின்னிருக்கையில் கொர்னேலியஸின் மனைவி பியாட்ரிக்ஸ் அம்மையார், கறுப்புத் தொப்பியும் வெள்ளிப்பூண் கைத்தடியுமாக. எங்களுக்குப் பின்னால் இயக்குநர்கள், உறவினர், பத்திரிகைக்காரர்கள் என்று தெரு நீளத்துக்கு வண்டிகள்.

அந்த வருடம் பனி தாமதமாக உருகியிருந்தது. சாலை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. முதல் பள்ளத்தில் அம்மையாரின் தொப்பி கண்ணை மறைத்துக்கொண்டு இறங்கியது.

“மிஸ்டர் ஹாலோவே, இந்த வண்டிக்கு என்ன உடம்புக்கு?”

“ஒண்ணுமில்லம்மா. இது ரோட்டை உணர வைக்குது.”

அம்மையார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “எனக்கு எண்பது தாண்டியாச்சு. ரோடு இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

ஹாலோவே பணிவாக முன்னால் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் அம்மையார் காற்று வேண்டும் என்று கண்ணாடியை இறக்கச் சொன்னார். இறக்கினேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முன்னால் போகும் ஊர்தியிலிருந்து, ‘டொக்’. இன்னொரு பள்ளம். ‘டொக், டொக்.’ டாலிவர் நத்தைபோல்தான் ஓட்டினார். அந்த வண்டி நத்தையையும் குதிரையாக்கியது.

“லியோன், உங்களுக்குக் கேக்குதா?” என்றார் அம்மையார்.

“எதும்மா?”

“கொர்னேலியஸ் தட்டுறார்.”

ஹாலோவே பின்னால் திரும்பி, “அது பெட்டியைப் பிடிச்சிருக்கிற கொக்கி அம்மா. லேசா ஆடுது. வேற ஒண்ணுமில்லை” என்றார்.

“ஐம்பது வருஷத்துக்கு மேல அவர் பக்கத்துல உக்காந்து போயிருக்கேன். வண்டி பிடிக்கலைன்னா முன் சீட்டுல இப்படித்தான் தட்டுவார். வாயைத் திறந்து சொல்ல மாட்டார். தட்டுவார். வண்டியை நிறுத்துங்க.”

“அம்மா, பின்னால பத்திரிகைக்காரங்க—”

“லியோன்.”

நிறுத்தினேன். முன்னால் டாலிவரும் நிறுத்தினார், பின்னால் ஊர்வலம் முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றது. அம்மையார் தடியை ஊன்றி இறங்கி, முன்னால் போய், ஊர்தியின் பக்கக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். நானும் இறங்கிப் போய் அவர் விழுந்துவிடாமல் பக்கத்தில் நின்றேன். உள்ளே பெட்டி ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. மேலிருந்த வெள்ளைப் பூக்கள் எல்லாம் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தன.

“போதும், கொர்னேலியஸ். வேற வண்டி வருது” என்றார் அம்மையார். கண்ணாடியைத் துடைப்பது போல் கையால் மெல்லத் தடவினார். அந்தக் கையைப் பார்த்தேன். அதற்கு ஒட்டக்கூடிய அடைமொழி எதுவும் என்னிடம் இல்லை.

டாலிவர் இறங்கி நின்றார். கையை மட்டும் தூக்கினார். ஊர்வலத்தின் கடைசியிலிருந்து அந்தப் பழைய சான்சலர் ஊர்தி புறப்பட்டு, நின்றிருந்த எல்லா வண்டிகளையும் தாண்டி, அதே பள்ளங்களின் மேல், ஏரியில் படகு வருவதுபோல் வந்து நின்றது.

சைலன்சர் பழுதுபார்க்கும் கடை ஒன்றின் எதிரே, நடுச்சாலையில், கொர்னேலியஸ் வாண்டர்மீர் வண்டி மாறினார். கடையிலிருந்தவர்கள் வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார்கள். பெட்டியைத் தூக்க வந்த இயக்குநர்களில் இருவரால் குனிய முடியவில்லை என்பதால், எண்ணெய் படிந்த உடுப்போடு கடைக்காரர்களே கைகொடுத்தார்கள். அம்மையார் என் பெட்ராக்கின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பழைய ஊர்தியின் முன்னிருக்கையில், டாலிவரின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கல்லறை வரையில் சத்தமே இல்லை.

இது பல வண்டிகளில் செலுத்தும் ‘பல்லூர்தி அஞ்சலி’ என்றும், தலைவரின் நீண்ட சேவையைக் குறிக்கும் வகையில் முன்கூட்டியே திட்டமிடப்பட்டது என்றும் ஹாலோவே பத்திரிகைக்காரர்களுக்கு விளக்கினார். அவர்கள் கவனமாக எழுதிக்கொண்டார்கள். மறுநாள் முதல் பக்கத்தில், கதவு திறந்து காலியாக நிற்கும் பெட்ராக் ஊர்தியின் பெரிய படம். அதன் கீழே, ‘தலைவர் இறங்கிக்கொண்டார்’ என்று ஒரே வரி. நான் எழுதிய எதுவும் அவ்வளவு சுருக்கமாக அமைந்ததில்லை.

அடுத்த இயக்குநர் கூட்டத்துக்கு அம்மையார் வந்தார். புதிய தலைவர் நியமிக்கப்படும்வரை கொர்னேலியஸின் நாற்காலி அவர் மனைவிக்கு உரியது என்று நிறுவன விதி. நடவடிக்கைகளைக் குறித்துக்கொள்ள நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.

“எனக்கு ஒண்ணு புரியணும். அலுங்காம போற வண்டியை ஏன் நிறுத்துனீங்க?” என்று ஆரம்பித்தார்.

ஹாலோவே எழுந்து நின்றார். “வாங்குறவங்களுக்கு சொகுசு வேணாம் அம்மா. சொகுசு தேவைப்படாத ஆள் மாதிரி தெரியணும். அதுக்குத்தான் காசு குடுக்குறாங்க.”

“உடம்பு வலிக்குமே?”

“வலி உள்ள இருக்கும். வெளியில தெரியாது.”

“அவங்க பொண்டாட்டி, பிள்ளைங்க, வயசான அப்பா அம்மா? பின்னால உக்காந்து வர்றவங்க?”

“பின் சீட்டு வெளியிலேர்ந்து தெரியாதும்மா. கறுப்புக் கண்ணாடி.”

எனக்குப் பேருந்தின் சன்னலில் தெரிந்த ஒரு தலை நினைவுக்கு வந்தது. நான் குறித்துக்கொண்டே இருந்தேன்.

அம்மையார் மேசையைச் சுற்றி எல்லோரையும் பார்த்தார். “சரி. நீங்க எல்லாம் இன்னைக்கு எதுல வந்தீங்க?”

ஒருவர் காப்பியைக் கலக்கினார். அதில் அவர் சர்க்கரை போட்டிருக்கவில்லை.

“நான் கீழ்த்தளத்து வழியா வந்தேன். உங்க வண்டிங்க நிக்கிற இடத்தைப் பாத்தேன். எல்லாம் சான்சலர். கடைசியா செஞ்ச வண்டிங்களை எல்லாம் ஒளிச்சு வெச்சிருக்கீங்க. பளபளன்னு துடைச்சு வேற வெச்சிருக்கீங்க. மிஸ்டர் ஹாலோவே, உங்களோடதும் அங்கதான் நிக்குது. செத்துப்போன என் புருஷனுக்கு உங்ககிட்டேர்ந்து ஒண்ணு கிடைக்கலை.”

மூத்த இயக்குநர் ப்ரென்டிஸ் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். நிறுவனத்தின் தொலைநோக்குக்குப் பொறுப்பானவர் அவர்.

“அம்மா, நாங்க வண்டியில போறப்பதான் சிந்திக்கிறோம். வண்டி குலுங்கினா சிந்தனை சிந்திடும்.”

இந்த வாதத்தின் ஆழத்தை அனைவரும் உணர்ந்தார்கள். மேற்கொண்டு விவாதம் தேவைப்படவில்லை. மறைந்த தலைவருக்கு மரியாதை செலுத்தும் வகையில் மெத்தென்ற ஸ்பிரிங் மறுபடி தயாரிக்கப்படும் என்றும், அது முதற்கட்டமாக அமரர் ஊர்திகளில் பொருத்தப்படும் என்றும், ‘கொள்கைச் சிந்தனை’ காரணமாக இயக்குநர்களின் கார்களுக்கும் நீட்டிக்கப்படும் என்றும் தீர்மானம் கொண்டுவரப்பட்டது.

“மத்தவங்களுக்கு? காசு குடுத்து வாங்குறவங்களுக்கு?” என்றார் அம்மையார்.

“அமரர் ஊர்தியில எல்லாருக்கும் இடம் உண்டும்மா” என்றார் ப்ரென்டிஸ், ஆறுதலாக. “எங்க வாடிக்கையாளர் ஒருத்தர்கூட விட்டுப்போக மாட்டார். கொஞ்சம் பொறுமையா இருக்கணும், அவ்வளவுதான்.”

கைகள் உயர்ந்தன. அம்மையாரின் கை உயரவில்லை. தடியின் மேல் இருந்தது. ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொள்ளும்படி ஹாலோவே எனக்குக் கண்ணைக் காட்டினார். ‘ஏகமனதாக, மனம் உள்ள ஒருவர் நீங்கலாக’ என்று எழுதினேன். யாரும் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டார்கள்.

அம்மையாரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அங்கே டாலிவர் தன் பழைய ஊர்தியோடு காத்திருந்தார். அடக்கத்துக்குப் பிறகு அம்மையார் எங்கே போவதானாலும் அதில்தான் போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடைத்தெருவில் அவர் இறங்கி ரொட்டி வாங்கும்போது, போகிறவர்கள் நின்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்கிறார்களாம். அவர் பதிலுக்குக் கையசைக்கிறாராம்.

டாலிவர் கதவைத் திறந்துவிட்டு அம்மையார் ஏறும்வரை பிடித்துக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார்.

“என்ன முடிவாச்சு, தம்பி?”

“மெத்துன்னு இருக்குற ஸ்பிரிங் திரும்ப வருது சார்.”

“யாருக்கு?”

“இறந்தவங்களுக்கு. அப்புறம் இயக்குநர்களுக்கு.”

“ரெண்டு பேருக்கும் வேற வேற ஸ்பிரிங்கா?”

“இல்லை சார். ஒண்ணேதான்.”

டாலிவர் தொப்பியை எடுத்து அணிந்துகொண்டார்.

“சரிதான். எதுவும் உறைக்காதவங்களுக்கு ஒரே ஸ்பிரிங் போதும்.”

உள்ளேயிருந்து அம்மையார் சிரித்தது கேட்டது. கணவர் போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். ஊர்தி வாசல் மேட்டில் ஏறி இறங்கியது. அவர் தொப்பி ஆடவில்லை.

மேலே போனதும் ஹாலோவே என்னைக் கூப்பிட்டு, நம்முடைய மிகப் பழைய வாடிக்கையாளரான டாலிவர் தீர்மானத்தைப் பற்றி என்ன சொன்னார் என்று ஆவலோடு கேட்டார்.

“இயக்குநர் குழுவையும், அவர் பெட்டியில வெச்சுக் கொண்டுபோறவங்களையும் பிரிச்சுப் பாக்க முடியலைன்னு சொன்னார் சார்.”

ஹாலோவே நாற்காலியில் சாய்ந்தார். அவர் கண்கள் கலங்கின. “வாடிக்கையாளரோட அவ்வளவு ஒண்ணா கலந்துட்டோம்னு சொல்றார், லியோன். இதை விளம்பரத்துல போடு.”

நான் அவர் முகத்தையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சின்ன அலுங்கல்கூட இல்லை. அந்த ஸ்பிரிங்குக்கு அவரைவிடத் தகுதியானவர் உயிரோடு யாரும் கிடையாது.